பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை: நட்டுவனாரின் இடம்

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869 – 1954) நட்டுவனார், நடன ஆசான். சதிர் என்று வழங்கிய ஆடற்கலை பரதநாட்டியம் என்று பெயர் மாறிய காலத்தில் வாழ்ந்தவர். தஞ்சை நால்வர் வழிவந்த மரபைச் சேர்ந்தவர். பந்தநல்லூர் பாணியின் முதன்மை ஆசிரியராகக் கருதப்படுபவர். ருக்மிணி தேவி அருண்டேல், ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிய குறிப்புகள் பலவும் மேலே உள்ள மாணவர் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. நல்ல மாணவர்களால் ஆசிரியர் அறியப்படுவது இயல்பே. ஆனால் மேடையில் அவர் செய்த வேலை என்ன, அதன் அருமை எது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. நட்டுவனார் நடனம் சொல்லிக் கொடுப்பவர் மட்டுமல்லர். நிகழ்ச்சியை நடத்துபவரும் அவரே. ஐரோப்பிய இசைநாடகமான ஆப்பராவில் இசை நடத்துநருக்கு உள்ள பொறுப்பு நம் மரபில் நட்டுவனாருக்கு உரியது. அந்த நோக்கில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பணியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மரபும்

பந்தநல்லூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் திருப்பனந்தாளை அடுத்துள்ள ஊர். தேவாரத்தில் பந்தணைநல்லூர் என்று வழங்குவது. அம்பிகை பந்து விளையாடிய தலம் என்பது ஊர்க்கதை. இங்குள்ள பசுபதீசுவரர் கோயில் பாடல் பெற்ற தலம். நெல் விளையும் ஊர். கோயிலைச் சுற்றி இசைவேளாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர்.

காவிரிப் படுகையில் ஆடலும் நெல்லும் சேர்ந்தே வளர்ந்தன. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதையும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அளந்ததையும் அக்கோயிலின் கல்வெட்டு கூறுகிறது. நட்டுவம் செய்தவர்களின் பெயர்களும் அதே கல்வெட்டில் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நட்டுவம் தனிப் பணியாக மதிக்கப்பட்டு, அதற்கெனக் களத்து நெல்லில் பங்கு ஒதுக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையை அணிசெய்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தார். இவர்களே தஞ்சை நால்வர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று அரங்கேற்றங்களில் காணும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள். சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்களும் ஒலித்தன. வடிவேலு வயலினில் தேர்ச்சி பெற்றுத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் புகழடைந்தார். பின்னாளில் சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டும் இடம்பிடித்தது. மேல்நாட்டு இசை தஞ்சைக்கு அந்நியமாக இருக்கவில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தஞ்சைக்குத் தெரிந்திருந்தது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் குடும்பத்துக்குத் தஞ்சை நால்வர் வழியினரோடு உறவும் கல்வித் தொடர்பும் இருந்தன. நால்வரின் உருப்படிகள் அவரிடம் ஏட்டுப் பாடமாக மட்டும் வந்து சேரவில்லை. தாளத்தின் ஓட்டம், சொற்கட்டைச் சொல்லும் முறை, அடவு வைக்கும் நேர்த்தி ஆகியவையும் வீட்டு வழக்கமாகவே வந்தன.

நட்டுவாங்கம் என்னும் வேலை

நட்டுவனாரின் கையில் இரண்டு தாளங்கள். ஒன்று வெண்கலம், மற்றொன்று இரும்பு. பார்ப்பவருக்கு அவர் தாளம் போடுகிறார் என்றே தோன்றும். உண்மையில் அவர் ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறார். பாடலின் தாளக் கணக்கை மனத்தில் வைத்திருக்கிறார். ஆடுபவரின் கால் விழும் நடையைக் கையில் ஒலிக்கிறார். ஜதி வரும் இடத்தில் வாயால் சொற்கட்டு சொல்கிறார். அத்துடன் பாடுபவரையும் மிருதங்கக்காரரையும் கண்ணாலும் தலையசைப்பாலும் நடத்துகிறார்.

வர்ணத்தில் வரும் திரிகாலத் தீர்மானம் இதற்கு நல்ல சான்று. ஒரே கோவையை முதல் காலத்தில் ஒரு பங்கு வேகத்திலும், இரண்டாம் காலத்தில் அதன் இரு மடங்கிலும், மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கிலும் சொல்லி ஆட வேண்டும். நட்டுவனார் முதல் காலத்தைக் கொஞ்சம் விரைவாக எடுத்துவிட்டால் மூன்றாம் காலத்தில் சொல் வாயில் சிக்கும், அடவு காலில் குழம்பும். கொஞ்சம் தளர்வாக எடுத்தால் முதல் காலம் சோர்ந்து விழும். ஆகவே தொடங்கும் அந்த ஒரு கணத்திலேயே, இன்னும் சில நிமிடங்களில் வரப்போகும் உச்ச வேகத்தை அவர் அளந்துவிட வேண்டும். ஆடுபவரின் வயது, உடல்வலு, அன்றைய களைப்பு எல்லாம் அந்த அளவில் அடங்கும்.

அபிநயப் பகுதியில் வேலை வேறு வகையானது. ஆடுபவர் ஒரு வரிக்குச் சஞ்சாரி விரிக்கும்போது அந்த வரி திரும்பத் திரும்பப் பாடப்படும். எத்தனை முறை என்று முன்கூட்டி யாரும் எழுதி வைப்பதில்லை. கற்பனை முடியும் தறுவாயை ஆடுபவரின் முகத்திலேயே கண்டு, அடுத்த வரிக்கு எல்லோரையும் ஒன்றாகத் திருப்புபவர் நட்டுவனார். ஆப்பராவில் பாடகி ஒரு சுரத்தை நீட்டி நிற்கும்போது நூறு பேர் கொண்ட வாத்தியக் குழுவை நிறுத்திப் பிடித்துவைத்து, அவர் மூச்சு முடியும் இடத்தில் மீண்டும் இணைத்துவிடும் நடத்துநரின் வேலையும் இதுவே.

வேறுபாடுகளும் உண்டு. ஐரோப்பிய நடத்துநரின் கைக்கோல் ஒலிப்பதில்லை. நட்டுவனாரின் தாளமும் குரலும் இசையின் பகுதியே. ஐரோப்பிய நடத்துநர் பிறர் எழுதிய இசையை விளக்குபவர். நட்டுவனாரோ ஜதியைத் தாமே கோத்து, அடவைத் தாமே அமைத்து, மாணவரை ஆண்டுக்கணக்கில் தாமே பயிற்றி, பிறகு மேடையிலும் தாமே நடத்துபவர். பொறுப்பு நட்டுவனாருக்கே கூடுதல்.

டாஸ்கானினியோடு ஓர் ஒப்பீடு

ஆர்துரோ டாஸ்கானினி 1867இல் இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தார்; 1957இல் மறைந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் டாஸ்கானினியின் வாழ்நாளுக்குள் அடங்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரே தலைமுறையில் ஒரே வகையான பொறுப்பைச் சுமந்த இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

டாஸ்கானினி செல்லோ வாசிப்பவராகத் தொடங்கியவர். 1886இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், வெர்டியின் ‘ஐடா’ ஆப்பராவுக்கு நடத்துநர் இல்லாத நெருக்கடியில், 19 வயதில் மேடையேறி இசைக்குறிப்பைப் பாராமலேயே நடத்தினார். மறு ஆண்டு மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ முதன்முறை அரங்கேறியபோது செல்லோ வரிசையில் அமர்ந்து, இயற்றியவரின் முன்னிலையிலேயே அந்த இசையைக் கற்றார். 1898இல் லா ஸ்காலாவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவையினர் கேட்ட மாத்திரத்தில் ஒரு பாட்டை மறுபடி பாடும் வழக்கத்தை எதிர்த்தார். நாடகத்தின் ஓட்டம் கெடக்கூடாது என்பது அவர் கொள்கை. கடைசியாக மேடையேறிய 1954ஆம் ஆண்டு வரை, நினைவிலிருந்தே நடத்துவது அவர் வழக்கமாக இருந்தது.

மூலவரிடமிருந்து நேராக வந்த பாடம், எழுத்தைவிட நினைவை நம்பிய பயிற்சி, அளவு மீறிய அலங்காரத்தை ஏற்காத கண்டிப்பு ஆகிய மூன்றும் பந்தநல்லூர் மரபுக்கும் பொருந்துவன. பொருந்தாத இடம் ஒன்று உண்டு. டாஸ்கானினியின் பெயர் ஆப்பராவின் பெயருக்கு இணையாக அச்சிடப்பட்டது. அவர் நடத்திய இசை இசைத்தட்டிலும் வானொலியிலும் பதிவாகி இன்றும் கிடைக்கிறது. நியூயார்க்கில் ஒரு வானொலி நிறுவனம் 1937இல் அவருக்காகவே ஒரு வாத்தியக் குழுவை அமைத்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கலை நமக்கு மாணவர்களின் உடல் வழியாகவும் வாய்ப்பாடமாகவும் வந்து சேர்ந்தது. ஆடுபவரின் பெயர் நினைவில் நின்றது. நடத்தியவரின் பெயர் ‘இவரிடம் பயின்றார்’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது.

ஊரிலிருந்து அடையாறுக்கு

1930களில் சதிரைச் சுற்றிச் சென்னையில் கடுமையான விவாதம் நடந்தது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்றார். ஆடற்கலையைக் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் வாதிட்டார். மியூசிக் அகாதெமி மேடையில் சதிர் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இச்சூழலில்தான் ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் தொடங்கிய பயிற்சியை மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தொடர்ந்தார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது.

அப்போது மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வயது 66. கோயிலிலும் மிராசுதார் வீட்டுத் திருமணத்திலும் நிகழ்ந்த கலைக்குப் பழகியவர். தம் குலத்துப் பெண்களுக்கு இளமையிலேயே பயிற்சி தந்து பழகியவர். அவரிடம் வந்து நின்றவரோ முப்பது வயதை ஒட்டிய, வேறு சமூகத்தைச் சேர்ந்த, உலகம் சுற்றிய பெண்மணி. ஊரார் பேச்சையும் மரபின் தயக்கத்தையும் மீறி அவர் கற்பிக்க ஒப்புக்கொண்டது சாதாரண முடிவன்று. பிறகு ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் கற்பித்தார். சிலர் பந்தநல்லூருக்கே வந்து தங்கிப் பயின்றனர். ஒருவரைப் போல் மற்றவர் ஆடியதில்லை. சாந்தா ராவின் ஆடலில் வீச்சும் வலிமையும் பேசப்பட்டன; ருக்மிணி தேவியின் ஆடலில் ஒழுங்கும் தெளிவும் பேசப்பட்டன. மாணவரைத் தம் நகலாக்காமல், அவரவர் உடலுக்கேற்பப் பாடத்தை அளந்து கொடுத்த ஆசிரியர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பந்தநல்லூர் பாணி

இப்பாணியின் இயல்புகளாகப் பொதுவாகச் சொல்லப்படுபவை: ஆழ்ந்த அரைமண்டி, நேர்கோடாக நீளும் கைகள், சுத்தமான அடவு, மிகையற்ற அபிநயம், இறுக்கமான ஜதிக் கோவை. இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் உடல் இயல்புகளாகவே விளக்கப்படுகின்றன. இவற்றின் வேர் தாளத்தில் இருக்கிறது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

கை முழுவதும் நீள நேரம் வேண்டும். அரைமண்டி தாழ்ந்தே இருக்கவும் நேரம் வேண்டும். நட்டுவனார் அவசரப்பட்டால் கோடு வளையும், மண்டி உயரும். சொற்கள் நெருக்கியடித்த நீண்ட ஜதி கைதட்டல் வாங்கும். ஆனால் அடவின் முழு உருவம் அதில் தேய்ந்துபோகும். ஆகவே ஜதியைச் சுருக்கமாக வைத்ததும் காலத்தை நிதானமாகப் பிடித்ததும், ஆடுபவரின் கோடு துலங்க நடத்துபவர் செய்த தேர்வுகளே. பந்தநல்லூர் பாணியைக் கண்ணால் காணும் பாணி என்பதோடு காதால் கேட்கும் பாணி என்றும் சொல்ல வேண்டும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. நால்வர் இயற்றியது எது, பின்வந்த தலைமுறைகள் மாற்றியது எது, மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேர்த்தது எது என்று கோடு கிழித்துப் பிரிப்பது எளிதன்று. மரபுக் கலையில் மாற்றம் செய்தவரும் தாம் மாற்றவில்லை என்றே சொல்வார். எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் ஏற்றுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினாலும், அவருக்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களை மறைத்துவிடும். மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை, பேரன் சுப்பராய பிள்ளை ஆகியோர் இப்பாணியைக் காத்துக் கொடுத்தவர்கள்.

மேடையின் ஓரத்துக்கு

பழைய சதிரில் நட்டுவனாரும் மேளமும் ஆடுபவரின் பின்னால் நின்றனர். ஆடுபவர் முன்னே வந்தால் அவர்களும் வந்தனர். பின்னே போனால் அவர்களும் போயினர். புதிய மேடையில் இசைக்குழு ஓர் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. ருக்மிணி தேவி கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது. மேடை தூய்மையாகத் தோன்ற இது உதவியது. ஆடுபவரின் உருவம் தனித்துத் தெரிந்தது. இந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஜெர்மனியின் பைரய்த் நகரில் 1876இல் திறக்கப்பட்ட வாக்னரின் அரங்கில் வாத்தியக் குழு முழுவதும் மேடைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டது. ஆனால் அதன்பின் நடத்துநரின் மதிப்பு ஏறியதேயன்றி இறங்கவில்லை. தமிழ்நாட்டில் நட்டுவனார் ஓரத்துக்குப் போனபோது அவர் மதிப்பும் கூடவே ஓரத்துக்குப் போயிற்று. எனவே இடமாற்றம் மட்டும் இதற்குக் காரணமாகாது.

காரணம் சமூகத்தில் உள்ளது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அது பெண்களின் விடுதலைக்கு வேண்டிய சட்டம். ஆனால் அதோடு கோயில் சார்ந்த ஆடலும், அதை நம்பிய நட்டுவக் குடும்பங்களின் பிழைப்பும் ஊர்ப்புறத்தில் சுருங்கின. கலை நகரத்துக்குப் போயிற்று. ஆசிரியர்களும் பின்னே போயினர். அங்கே அவர்கள் சம்பளம் பெறும் பணியாளர்கள். நிகழ்ச்சியை முடிவு செய்பவர்கள் வேறு. 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்தை விட்டு விலகியபின், நட்டுவக் குலத்தைச் சாராதவர்களைக் கொண்டே நட்டுவாங்கம் செய்ய அங்கு வழி வகுக்கப்பட்டது. குலத்தொழில் என்ற வேலியைத் தாண்டி இக்கலை எல்லோருக்கும் உரியதானதை நல்ல மாற்றம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் புதிய ஏற்பாட்டில் உரிய இடம் கிடைத்ததா என்ற கேள்வி நிற்கிறது.

மதிப்பீடு

மீனாட்சிசுந்தரம் பிள்ளையை உயர்த்திப் பேசுவோர் இரண்டு பிழைகளைச் செய்வதுண்டு. முதலாவது, அவரைக் கோபமும் கண்டிப்பும் நிறைந்த குரு என்ற கதைப்பாத்திரமாக்கிவிடுவது. இது அவர் கலையறிவை மறைக்கிறது. இரண்டாவது, நட்டுவனாரே எல்லாம் என்று சொல்லி ஆடிய பெண்களை வெறும் கருவிகளாக்குவது. இது முதற்பிழையிலும் பெரிது. சதிரின் அபிநயமும் பதங்களும் தேவதாசிப் பெண்களின் குரலிலும் முகத்திலும் வளர்ந்தவை. பாலசரஸ்வதிக்குக் கந்தப்ப பிள்ளை என்ற சிறந்த நட்டுவனார் அமைந்தார். ஆனால் தாயின் பாட்டும் பாட்டி வீணை தனம்மாளின் இசையும் சேர்ந்துதான் அவர் பாலசரஸ்வதி ஆனார். ஆடுபவரும் நடத்துபவரும் ஒருவரையொருவர் பார்த்து உருவாக்குவதே இக்கலை. டாஸ்கானினியின் காலத்து ஐரோப்பாவில் நடத்துநர் சர்வாதிகாரிபோல் கொண்டாடப்பட்டதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இவ்விரு பிழைகளையும் நீக்கிப் பார்த்தால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சிறப்பு மூன்றாகத் தெளிவுபடும். தஞ்சை நால்வரின் மார்க்கத்தைச் சிதையாமல் இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். காலப் பிரமாணத்தையும் ஜதியையும் ஆடுபவரின் உடல் துலங்கும்படி அளந்தார். அறிமுகமில்லாத சமூகத்து மாணவர்களுக்கும் குறைவின்றிக் கொடுத்தார். இன்று உலகெங்கும் ஆடப்படும் பரதநாட்டியத்தின் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் இந்த மூன்றின் பயன்.

அரங்கேற்ற அழைப்பிதழ்களில் ‘நட்டுவாங்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெயர் இன்றும் அச்சாகிறது, பெரும்பாலும் பக்கவாத்தியப் பட்டியலின் முதல் வரியாக. மேடையில் மண்டி உயராமல், வேகம் சிதறாமல், சஞ்சாரியின் முடிவில் பாட்டு சரியாக வந்து பொருந்தும்போது, ஓரத்தில் அமர்ந்து அதைச் செய்துகொண்டிருப்பவர் அந்தப் பெயருக்குரியவர். ஓர் அரங்கேற்றத்தில் வர்ணம் முடியும் வரையாவது ஆடுபவரைப் பார்க்கும் கண்ணோடு நட்டுவனாரைக் கேட்கும் காதையும் வைத்திருந்தால், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மேடையில் செய்த வேலை எது என்பது விளங்கும்.